பிஸ்கட் டின்னுக்குள் போகாதவள்

என் அக்காவின் கல்யாண ஆல்பத்தைப் புரட்டுகிறவர்கள், நாலைந்து பக்கம் தாண்டியதும் நிமிர்ந்து பார்த்து ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்.

“மாப்பிள்ளை தவில் அடிக்கிறவரோ?”

இல்லை. மாப்பிள்ளை கணக்காளர் படிப்புப் படித்துக்கொண்டு பெற்றோல் நிலையத்தில் வேலை பார்த்தவர். தவிலுக்கும் அத்தானுக்கும் இருந்த ஒரே உறவு, இரண்டு பேரும் அன்றைக்கு ஒரே மண்டபத்தில் இருந்தார்கள் என்பதுதான். ஆனால் ஆல்பத்தில் தவில்காரருக்கு முழுப் பக்கங்கள், அத்தானுக்கு மூலைகள். ஒரு படத்தில் அத்தானின் தலைப்பாகை மட்டும் தனியே வந்திருக்கிறது. தாலி கட்டுகிற படம் இல்லவே இல்லை.

படம் எடுத்தவர் மாஸ்டர். லண்டனில், ஃபாரஸ்ட் கேட் பகுதியில் ஒரு தமிழ்ப் பலசரக்குக் கடைக்குப் பக்கத்தில் சின்ன ஸ்டூடியோ வைத்திருந்தார். லண்டனுக்கு வருவதற்கு முன் சாம்பியாவில், லுசாக்கா நகரத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். அதனால் எங்கள் சனம் முழுவதற்கும் அவர் மாஸ்டர். அவருக்கென்று ஒரு பெயர் இருந்திருக்கும். கேட்கவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

கல்யாணத்தன்று நடந்தது இதுதான். ஐயர் “கெட்டிமேளம், கெட்டிமேளம்” என்று கையை உயர்த்தினார். நாங்கள் எல்லோரும் தூவுவதற்கு அறுகரிசியைக் கையில் பிடித்துக்கொண்டு அக்காவின் கழுத்தைப் பார்த்தோம். மாஸ்டர் ஒருவர்தான் மணமக்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, தவில்காரருக்கு முன்னால் முழங்காலில் நின்றார். ஏதோ கமராவைச் சரிசெய்கிறார் என்று நினைத்தோம். அது பிலிம் காலம். கழுவிக் கையில் வரும்வரை நல்லதும் தெரியாது, கெட்டதும் தெரியாது. ஆல்பம் வந்த அன்றைக்கு அம்மா அதை முன்னுக்கிருந்து பின்னுக்கும், பின்னுக்கிருந்து முன்னுக்கும் புரட்டிவிட்டு, கோட்டைக்கூடப் போடாமல் ஸ்டூடியோவுக்கு நடந்தார். நானும் பின்னால் ஓடினேன்.

“மாஸ்டர், தாலி கட்டேக்க நீங்கள் எங்க நிண்டனீங்கள்?”

“அங்கதான் நிண்டன், தங்கச்சி.”

“அப்ப ஏன் படம் இல்லை?”

“தாலி எல்லா மாப்பிள்ளையும் கட்டுறதுதானே. அந்தத் தவில் பெடியன்ர கையை நீங்கள் பார்த்தனீங்களோ? முழுக் கலியாணத்திலையும் அவனுக்கெண்டு இருக்கிறது அந்த அரை நிமிசம். அதை விட்டிட்டு நான் என்னெண்டு கழுத்தைப் பார்க்கிறது?”

“ஐயோ, அது என்ர பிள்ளையின்ர கழுத்து, மாஸ்டர்!”

அம்மா பிறகு அழத் தொடங்கிவிட்டார். அப்பா ஊரில் இருந்தார். சண்டையில் பாதை அடைபட்டு அவரால் வர முடியவில்லை. தாலிப் படத்தை உடனே அனுப்புகிறேன் என்று அம்மா அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். மாஸ்டருக்கு அப்போதுதான் முகம் வாடியது. இரண்டு கிழமை கழித்து, எங்கள் வீட்டு முன்னறையில், அக்கா திரும்பவும் கூறைச் சேலை உடுத்து, அத்தான் தலைப்பாகை கட்டி, கட்டின தாலியைக் கழற்றக்கூடாது என்பதால் அக்காவின் பிடரிக்குப் பின்னால் வெறுங்கையை வைத்துக்கொண்டு நடிக்க, மாஸ்டர் வேண்டாவெறுப்பாக எடுத்துக் கொடுத்தார். அக்னி இருக்கவேண்டிய இடத்தில் எங்கள் காஸ் ஹீட்டர் தெரிகிறது. அப்பாவின் பதில் மாதங்கள் கழித்து வந்தது: தாலிப் படத்தில் மாப்பிள்ளைக்குக் குளிருது போல, தவில்காரன்ர படம் நல்ல வடிவு, இன்னொரு பிரதி அனுப்புங்கோ.

மாஸ்டரைப் பிடித்த வியாதி இவ்வளவுதான். உலகத்தில் இரண்டு வகை ஆட்கள் அவருக்கு. முன்னுக்கு வந்தவர்கள், வரப்போகிறவர்கள். வந்தவர்களை அவருடைய கண் காணாது.

லுசாக்காவில் பிடித்த பழக்கம் என்பார். கிழமை நாட்களில் பள்ளிக்கூடத்தில் கணக்கு. சனிக்கிழமையானால் கமராவைத் தூக்கிக்கொண்டு, ஹோட்டல் முற்றங்களிலும் தேவாலய மண்டபங்களிலும் கிட்டார் வாசிக்கிற பெடியன்களைத் தேடிப் போவாராம். பெரிய இசைக்குழுக்கள் ஊருக்கு வந்தால் போகமாட்டார். அவர்களுக்கு முன்னால் மேடைக்கு ஏறி, ஆட்கள் கதிரை இழுக்கிற சத்தத்துக்குள் வாசித்துவிட்டு இறங்குகிறவர்கள்தான் அவருக்கு வேண்டும்.

“பேர் எடுத்தவனைச் சுத்தி ஊர்ப்பட்ட கமரா நிக்கும், பிள்ளை. பேர் எடுக்கப்போறவனுக்கு ஒண்டாவது வேண்டாமோ?”

சரி, இப்படிப் பேசுகிறவர் பெரிய சங்கீத ஞானஸ்தர் என்று நினைத்துவிடாதீர்கள். மனிதருக்கு ஆதிதாளத்துக்கும் ஆட்டுக்கல்லுக்கும் வித்தியாசம் தெரியாது. கச்சேரியில் கமராவை இறக்கி வைத்தால் அடுத்த நிமிடம் குறட்டை. பிறகு எப்படி ஆளைப் பிடிக்கிறீர்கள் என்று கேட்டால், கண்ணால் என்பார். வந்தவனுக்குக் கமரா எங்கே நிற்கிறது என்று தெரியுமாம். வரப்போகிறவனுக்கு, தான் எங்கே நிற்கிறேன் என்பதே தெரியாதாம். முகத்தில் ஒரு வெட்கம் கெட்டதனம் வருமாம். அது வருகிற கணத்துக்காக அவர் எத்தனை பிலிமையும் வீணாக்குவார்.

ஒருமுறை சென்னையிலிருந்து ஒரு பெரிய வித்துவான் வந்திருந்தார். கச்சேரி முடிந்து பொன்னாடை போர்த்துகிறார்கள். வித்துவான் பழக்கப்பட்டவர், பொன்னாடை தோளில் விழுவதற்கு முன்பே கமராப் பக்கம் முகத்தைத் திருப்பிப் புன்னகைத்தார். மாஸ்டர் கையால் காட்டினார். “ஐயா, எப்பன் அரக்கி நில்லுங்கோ.” ஐயாவும் நல்ல படம் வரப்போகிறது என்று கொஞ்சம் விலகி நின்றார். அவருக்குப் பின்னால், தம்பூராவை உறைக்குள் போட்டுக்கொண்டே தனக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை மாஸ்டர் எடுத்துவிட்டு, “சரி ஐயா, இனி நீங்கள் நிக்கலாம்” என்றார். விழா நடத்தியவர்கள் அவரைப் பிறகு இரண்டு வருடம் கூப்பிடவில்லை. அவருக்கு அது ஒரு ஆறுதலாகத்தான் இருந்திருக்கும்.

வயிற்றுப்பாட்டுக்குக் கடவுச்சீட்டுப் படம் எடுத்தார். அதிலும் சும்மா இருக்கமாட்டார். ஸ்டூலில் இருத்திவிட்டு முதலில் கேட்பது, “பாடுவீரோ? ஏதும் வாசிப்பீரோ?” இல்லை என்றால் இரண்டு சொடுக்கு, வேலை முடிந்தது. ஓம் என்று யாராவது வாய்தவறிச் சொன்னால் தொலைந்தார்கள். புல்லாங்குழல் படிக்கிற ஒருவர் கண்ணை மூடி, உதட்டைக் குவித்துக்கொண்டிருக்கும் கடவுச்சீட்டுப் படத்தோடு அலுவலகத்துக்குப் போய்த் திரும்பி வந்தார்.

இந்த ஸ்டூடியோவின் தெருப் பக்கம் ஒரு பெரிய கண்ணாடி யன்னல். மற்றப் படக்காரர்கள் யன்னலில் மணமக்களை வைப்பார்கள், பிறந்தநாள் குழந்தைகளை வைப்பார்கள். மாஸ்டரின் யன்னலில் வரப்போகிறவர்கள் மட்டும். தவில்காரர் இருந்தார், தம்பூராக்காரி இருந்தார். கானாவிலிருந்து வந்த ஒரு ட்ரம்பெட்காரர், தேவாலயத்தில் கிட்டார் வாசிக்கிற ஒரு நைஜீரியப் பெண். முருங்கைக்காய் வாங்க வருகிற எங்கள் சனம் யன்னலுக்கு முன்னால் நின்று முழுசிப் பார்க்கும். “ஆர் இந்த ஆபிரிக்கப் பெடியள்? மாஸ்டரிட்டைக் கணக்குப் படிச்சவையோ?”

யாராவது வந்துவிட்டார் என்று மாஸ்டருக்குத் தோன்றினால், அன்றைக்கே படம் யன்னலை விட்டு இறங்கும். ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள் போய் விழும். அவ்வளவுதான், பிறகு அந்த ஆளைப் பற்றி அவர் கதைக்கவும் மாட்டார். தவில்காரரை ஜெர்மனியிலும் சுவிஸிலும் கோயில்கள் போட்டிபோட்டுக் கூப்பிடத் தொடங்கியதும் டின்னுக்குள் போனார். ஃபாரஸ்ட் கேட்டில் “டின்னுக்குள்ள போயிட்டான்” என்றால் ஆள் முன்னுக்கு வந்துவிட்டான் என்று அர்த்தம். வேறெந்த ஊரிலும் இப்படி ஒரு பட்டம் இருந்திருக்காது.

இனி என் கதை. அப்போது எனக்கு இருபது வயது. ஊரில் பாட்டுப் படித்துவிட்டு வந்து, ஒரு தமிழ்ப் பள்ளிக்கூட விழாவில் பாடினேன். மண்டபத்தில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. சிவப்புச் சேலைக்கு மேலே மண்ணிற ஸ்வெட்டர். மாஸ்டர் எங்கே நின்றார் என்று எனக்குத் தெரியாது. அடுத்த மாதம் நான் யன்னலில் இருந்தேன்.

ஐயோ, எனக்கு வந்த சந்தோஷம்! கடைக்குப் போக வேலை இல்லாவிட்டாலும் போனேன். அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

“மாஸ்டர், பிள்ளை வாயை ஆவெண்டு பிளந்துகொண்டு நிக்கிறாள். நாளைக்கு ஆர் கட்டுவினம்? வாயை மூடின படம் ஒண்டைப் போடுங்கோவன்.”

“வாயை மூடிக்கொண்டு பாடேலாது, தங்கச்சி.”

முதல் வருடம் “யன்னல்ல உம்மைக் கண்டனான்” என்று சொன்னார்கள். இரண்டாம் வருடம் “இன்னும் யன்னல்லதான் இருக்கிறீர்” என்றார்கள். அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லாமல் தலையை ஒரு பக்கம் சாய்த்துச் சிரித்தார்கள். பக்கத்துப் படத்து ட்ரம்பெட்காரர் பஸ்ஸில் கண்டக்டராக வேலை செய்தவர். ஒருநாள் என்னை அடையாளம் கண்டு, தொப்பியைக் கழற்றி, “வணக்கம், பக்கத்து வீட்டுக்காரி” என்று இங்கிலீசில் சொல்லி முழு பஸ்ஸையும் திரும்பிப் பார்க்க வைத்தார். பிறகு எப்போது கண்டாலும் விசாரிப்போம். உங்கள் பக்கம் எப்படி? இன்னும் இறக்கவில்லை. என் பக்கமும் அப்படித்தான். ஒரு வசந்தகாலத்தில் அவருடைய இசைத்தட்டு வெளியானது. நான் போய்ப் பார்த்தபோது என் படத்துக்குப் பக்கத்தில் வெறும் ஆணி. அந்த மனிதருக்காகச் சந்தோஷப்படாமல் ஆணியைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

நானும் சும்மா இருக்கவில்லை. ஒரு கோயில் மண்டபத்தில் தனிக் கச்சேரி செய்தேன். கைதட்டு ஓயவில்லை. அடுத்த நாள் காலை ஓடிப்போய்ப் பார்த்தால், படம் அதே இடத்தில், அதே வாயோடு.

“மாஸ்டர், அவ்வளவு சனம் கைதட்டினதே!”

“முன் வரிசையில உம்மட சித்தப்பா. ரெண்டாம் வரிசையில உம்மட அத்தான்ர ஆக்கள். ஆர் பிள்ளை தட்டாமல் இருப்பினம்?”

வாயைப் பிளந்த படத்தையும் தாண்டி ஒருவர் என்னைக் கட்டினார். ஹவுன்ஸ்லோவுக்குப் போனேன். அவர் விமான நிலையத்தில் பொதி ஏற்றினார், நான் விமானத்துக்கு அனுப்புகிற சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கினேன். அந்த மெஷின் சத்தத்துக்குள் யார் பாடுவது? ஒரு மாதம் பாடவில்லை, பிறகு ஒரு வருடம் பாடவில்லை. மகன் பிறந்தபோது தாலாட்டுக்கூட கசெட்தான் பாடியது. ஃபாரஸ்ட் கேட்டில் அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்த யன்னலைக் காணாமலிருக்க மற்றத் தெருவால் சுற்றிப் போவேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை, அக்கா கத்தரிக்காயும் முருங்கைக்காயும் வாங்கிவரச் சொன்னாள். அந்தக் கடைக்குத்தான் போகவேண்டியிருந்தது. இரண்டு கையிலும் பையோடு வெளியே வந்தபோது, யன்னலுக்கு முன்னால் எங்கள் சனத்துப் பெட்டைகள் இரண்டு பேர், பள்ளிக்கூட வயது, நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். யன்னலில் மற்ற முகங்கள் எல்லாம் புதியவை. என் படம் மட்டும் வெயிலில் வெளிறி, சிவப்புச் சேலை றோஸ் நிறமாகி, அங்கேயே இருந்தது.

“இந்த அன்ரி நான் பிறக்கிறதுக்கு முதல் தொட்டு இருக்கிறா” என்று ஒருத்தி இங்கிலீசில் சொன்னாள். “பாவம். வரவே இல்லை.”

எனக்கு விசர் பிடித்தது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

“மாஸ்டர், என்ர படத்தைக் கழட்டுங்கோ.”

மாஸ்டருக்கு நரைத்துவிட்டது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். “ஓ, நீரே! வாரும், இரும். தேத்தண்ணி குடிக்கிறீரோ?”

“தேத்தண்ணி வேண்டாம். படத்தைக் கழட்டுங்கோ.”

“நீர் இன்னும் வரேல்லையே, பிள்ளை.”

“நான் வரமாட்டன்! பாடுறதை விட்டு எத்தினை வருசம். தொண்டை போயிட்டுது. நான் இப்ப தட்டு அடுக்கிறனான், விளங்குதோ? என்னைப் போறவாற சனம் பார்த்துச் சிரிக்குது.”

“தொண்டை போயிட்டுது எண்டு நீர் சொல்லுறீர். நான் என்னெண்டு நம்புறது?”

நம்பமாட்டாரா? அந்த இடத்திலேயே, பையைக்கூடக் கீழே வைக்காமல், தோடியில் எனக்குத் தெரிந்த ஒரு கீர்த்தனையைத் தொடங்கினேன். எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று கேட்கட்டும் என்றுதான் பாடினேன். கேவலமாகத்தான் இருந்தது. மூச்சுப் போதவில்லை. மேல் ஷட்ஜத்தில் குரல் இரண்டாக உடைந்தது. உடையட்டும் என்று இன்னும் ஒருமுறை ஏறினேன், திரும்பவும் உடைந்தது. மூன்றாம் முறை கொஞ்சம் நின்றது. அட, நிற்கிறதே என்று அதன் பின்னால் போனேன். தாளம் போடக் கையில்லை, காலால் தட்டினேன். எங்கேயோ ஓரிடத்தில், மாஸ்டருக்குக் காட்டப் பாடுகிறேன் என்பது மறந்துபோனது.

சொடுக்கு.

“இப்ப என்னத்துக்கு எடுத்தனீங்கள்?”

“பிலிம் கிடந்தது.”

“தொண்டை போனது விளங்கினதோ?”

“எனக்குப் பாட்டு விளங்காதெண்டு உமக்குத் தெரியும்தானே” என்று சொல்லிக்கொண்டே யன்னலுக்குள் கையை விட்டுப் படத்தைக் கழற்றினார். டின்னைத் தொடவில்லை. பழைய பேப்பரில் சுற்றி என் கையில் தந்தார். “கொண்டு போம்.”

வென்றுவிட்டேன். கேட்டது கிடைத்துவிட்டது. அக்கா வீட்டுக் குளியலறையில் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். யன்னலில் இருந்தவரைக்கும் நான் வராமல் பிந்துகிறவள். இப்போது வெறுமனே வராதவள். சிரிக்க வந்த பெட்டைகள் பாவம் என்றாவது சொன்னார்கள். இனி அதுவும் இல்லை. கணவரிடம் இதெல்லாம் சொல்லவில்லை, தலையிடி என்று படுத்துக்கொண்டேன். படத்தை அலுமாரிக்குப் பின்னால் செருகினேன்.

இரண்டு மூன்று கிழமை போயிருக்கும். அக்கா போன் எடுத்தாள்.

“எடியே, உன்ர படம் யன்னல்ல கிடக்கு.”

“விசரோ உனக்கு? அதை நான் கொண்டு வந்திட்டன்.”

“இது வேறையடி. கையில கத்தரிக்காய்ப் பை.”

அடுத்த லீவு நாளில் மகனைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, ரயிலேறி, லண்டனின் ஒரு தொங்கலிலிருந்து மற்றத் தொங்கலுக்கு வந்தேன். வழி முழுக்க மாஸ்டருக்குக் கொடுக்கவேண்டிய பேச்சை அடுக்கிக்கொண்டு வந்தேன்.

படம் பெரியது. கழன்றுபோன கோட்டுப் பொத்தான், கலைந்த தலை, பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற முருங்கைக்காய். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கண் மூடி, வாய் ஆவென்று திறந்து, யார் பார்த்தால் என்ன என்பது போல ஒரு மனிசி. வடிவு என்று சொல்ல ஒன்றுமே இல்லை. அவளை எனக்குத் தெரியாது. ஆனால் கடவுளே, அவள் பாடுவதைக் கேட்க எனக்கு ஆசையாக இருந்தது.

மாஸ்டர் வெளியே வந்து, ஈரப் பேப்பரால் யன்னல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ஆரைக் கேட்டுப் போட்டனீங்கள்?”

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. “அந்தப் பிள்ளை வரேல்லை. அது என்ர பிழை, நான் ஆளை மாறிப் போட்டிட்டன். வரப்போறது இந்த மனிசி.”

அடுக்கிக்கொண்டு வந்த பேச்சை அங்கேயே விட்டுவிட்டு ரயிலுக்கு நடந்தேன். போயிட்டு வாறன் மாஸ்டர் என்று சொன்னேனோ தெரியாது. ஹவுன்ஸ்லோவுக்குத் திரும்பும் ரயிலில், எதிரே ஒரு வெள்ளைக்காரக் கிழவர் பேப்பரை இறக்கி என்னைப் பார்க்கப் பார்க்க, நான் மேல் ஷட்ஜத்தைத் தேடிக்கொண்டு வந்தேன்.